பெயரும் பொருளும்: அரசர் பெயர் தாங்கிய ஆங்கிலப் பள்ளிகளின் அறக்கொடைப் பின்புலம்

ஆய்வுச் சுருக்கம்

இங்கிலாந்தில் மன்னர் பெயரால் அமைந்த இலக்கணப் பள்ளிகளின் செல்வம் பெரும்பாலும் மன்னருடையதன்று. தமிழகத்தில் மன்னர் பொருளுதவியால் தோன்றிய பள்ளிகள் சிலவற்றில் மன்னர் பெயர் இல்லை. இவ்விரு நிலைகளையும் ஒப்புநோக்கி, பள்ளிப் பெயரில் உள்ள அரசர், பள்ளிக்குப் பொருள் தந்தவர், பள்ளிக்குள் நுழைய உரிமை பெற்றவர் ஆகிய மூவருக்கும் இடையிலான உறவை இக்கட்டுரை ஆராய்கின்றது. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருவையாறு, விருதுநகர், இராஜபாளையம் ஆகிய ஊர்களின் கல்வி நிறுவனங்கள் இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: இலக்கணப் பள்ளி, சத்திரம், அறக்கட்டளை, சுவார்ட்ஸ், சேதுபதி, பிடியரிசி, ராஜுக்கள்

முன்னுரை

இராஜபாளையத்திற்கு முதன்முறையாக வரும் ஒருவர் அவ்வூர்க் கல்வி நிறுவனங்களின் பெயர்ப்பலகைகளைப் படித்தால், இவ்வூர் ஏதோ ஓர் அரச குடும்பத்தின் தலைநகராக இருந்திருக்கும் என எண்ணக்கூடும். பள்ளி, பாலிடெக்னிக், கலைக் கல்லூரி எனப் பலவற்றின் பெயரிலும் 'ராஜா' அல்லது 'ராஜு' என்னும் சொல் இடம்பெற்றுள்ளது. சிங்கராஜாக்கோட்டை, சக்கராஜாக்கோட்டை என ஊரின் பகுதிகளும் அவ்வாறே பெயர் பெற்றுள்ளன. ஆயின் இச்சொல் இங்கு முடிசூடிய மன்னரைக் குறிப்பதன்று. விசயநகரப் பேரரசின் காலத்தை ஒட்டி ஆந்திரப் பகுதியிலிருந்து குடியேறிய ராஜுக்கள் சமூகத்தாரின் பெயரொட்டு அது. இருபதாம் நூற்றாண்டில் பஞ்சாலைத் தொழிலில் ஈட்டிய பொருளின் ஒரு பகுதியை அச்சமூகத்தார் கல்விக்கு அளித்தனர்.

பெயர்ப்பலகையை நம்பி வரலாறு எழுதுவதில் உள்ள இடர்ப்பாட்டை இவ்வெளிய எடுத்துக்காட்டே உணர்த்தும். பள்ளியொன்றின் பெயரில் அரசர் இருப்பது ஒரு செய்தி; அப்பள்ளியின் வருவாய் எந்த நிலத்திலிருந்து, எவர் உழைப்பிலிருந்து வந்தது என்பது வேறொரு செய்தி. கல்வி வரலாறு எழுதுவோர் முதற்செய்தியைப் பதிவு செய்துவிட்டு இரண்டாவதைக் கடந்துசெல்வதே பெருவழக்காக உள்ளது. நிறுவியவர் யார் என்னும் கேள்வி பழம்பெருமை பேசுவதற்கான கேள்வி மட்டுமே எனக் கருதுவது இவ்வழக்கத்திற்குக் காரணமாகலாம். உண்மையில், எதைக் கற்பிக்கலாம், எவரைச் சேர்க்கலாம் என்னும் வழக்குகள் எழுந்தபோதெல்லாம் இக்கேள்விக்கான விடையே தீர்ப்பாக அமைந்துள்ளது.

எட்வர்டின் பெயரும் சான்ட்ரி நிலங்களும்

இங்கிலாந்தில் 'இலக்கணப் பள்ளி' என்றால் இலத்தீன் இலக்கணம் கற்பிக்கும் பள்ளி என்றே பொருள். திருச்சபையிலும் அரசு அலுவலிலும் நீதிமன்றத்திலும் நுழைய இலத்தீன் இன்றியமையாததாக இருந்தது. தமிழ்த் திண்ணைப் பள்ளியில் எண்ணும் எழுத்தும் முடித்த மாணவன் நிகண்டும் நன்னூலும் கற்கப் புலவரிடம் சென்றதை இதனோடு ஓரளவு ஒப்பிடலாம். ஆனால் நன்னூல் கற்றவனுக்கு அரசு அலுவல் உறுதியில்லை. இலத்தீன் கற்றவனுக்கு அது பெரும்பாலும் உண்டு. பின்னாளில் தமிழகத்தில் ஆங்கிலம் பெற்ற இடம் இலத்தீனின் இவ்விடத்தோடு நெருங்கியது.

அந்நாட்டின் பல ஊர்களில் 'ஆறாம் எட்வர்டு மன்னர் பள்ளி' என்னும் பெயரில் பழம்பள்ளிகள் இன்றும் இயங்குகின்றன. எட்வர்டு 1547ஆம் ஆண்டு தம் ஒன்பதாம் வயதில் அரியணை ஏறியவர். 1553இல் பதினைந்து வயதில் இறந்தவர். ஆறாண்டுக்கால ஆட்சியில் ஒரு சிறுவர் இத்தனைப் பள்ளிகளை நிறுவினார் என்பது வியப்புக்குரியது. அவ்வியப்பு 1547ஆம் ஆண்டின் சான்ட்ரிச் சட்டத்தைப் படித்தால் நீங்கிவிடும்.

சான்ட்ரி என்பது இறந்தவரின் ஆன்மா அமைதியுறப் பூசை செய்வதற்கெனக் குரு ஒருவருக்கு விடப்பட்ட நிலக்கொடை. ஊர்ச் சங்கங்களும் இத்தகைய கொடைகளைப் பேணின. அக்குருமார் பலர் ஓய்வு நேரத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தனர். சில கொடைகளில் கற்பித்தல் ஒரு கடமையாகவே எழுதப்பட்டிருந்தது. சமயச் சீர்திருத்தத்தை முன்னிறுத்தி அரசு இக்கொடைகளைக் கைப்பற்றியது. கைப்பற்றிய செல்வத்தால் இலக்கணப் பள்ளிகள் அமைக்கப்படும் என்று சட்டத்தின் முன்னுரை உறுதி கூறியது. பெரும்பகுதி நிலம் விற்கப்பட்டு அரசின் போர்ச் செலவுகளுக்குப் போயிற்று. எஞ்சியதில் ஒரு பகுதியை ஊரார் விண்ணப்பித்தும் பணம் செலுத்தியும் மீட்டனர்.

பர்மிங்காம் ஊரார் திருச்சிலுவைச் சங்கத்தின் நிலத்தில் ஒரு பகுதியைப் பள்ளிக்கெனக் கேட்டுப் பெற்றனர். ஆண்டுக்கு ஏறத்தாழ 21 பவுண்டு வருவாய் தரும் நிலம் அது. 1552இல் வழங்கப்பெற்ற பட்டயத்தில் பள்ளி மன்னர் பெயரைப் பெற்றது. ஷ்ரூஸ்பரியில் அதே ஆண்டு அமைந்த பள்ளிக்கு அவ்வூரின் இரு பெருங்கோயில்களின் பழைய வருவாய் முதலாயிற்று. ஸ்ட்ராட்போர்டில் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே ஊர்ச் சங்கம் பள்ளிக் கட்டடம் எழுப்பியிருந்தது. சங்கம் ஒழிக்கப்பட்ட பின், மன்னர் இறப்பதற்குச் சில நாள்களே இருந்த நிலையில், 1553 சூன் இறுதியில் வழங்கப்பட்ட பட்டயம் அப்பள்ளியை 'மன்னரின் புதிய பள்ளி' ஆக்கியது. ஆசிரியருக்கு ஆண்டூதியம் 20 பவுண்டு. ஷேக்ஸ்பியர் இலத்தீன் பயின்றது இங்குதான் என்று கருதப்படுகின்றது. புதியது எனப் பெயர் பெற்ற அப்பள்ளியில் புதிதாக இருந்தது பெயர் ஒன்றே எனலாம்.

ஏ.எஃப். லீச் 1896இல் வெளியிட்ட நூலில் இவ்வுண்மையை ஆவணங்களுடன் முன்வைத்து, எட்வர்டைப் பள்ளிகளின் நிறுவுநர் என்பதைவிட அவற்றைக் கொள்ளையிட்டவர் என்பதே பொருந்தும் என வாதிட்டார். ஜோன் சைமன் இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இதனை மறுத்து, டியூடர் அரசின் தலையீட்டால் பள்ளிகள் சமயக் குருமாரிடமிருந்து ஊராட்சியின் பொறுப்புக்கு மாறியதை ஆக்கமான விளைவாகக் காட்டினார். இருவர் கருத்தும் ஒரு புள்ளியில் ஒன்றுபடுகின்றன. பொருள் ஊராருடையது, பெயர் பட்டயத்தில் கையொப்பமிட்டவருடையது.

மன்னர் பொருளும் சுவார்ட்ஸ் பெயரும்

தமிழகத்தில் இதற்கு நேர்மாறான நிகழ்வொன்று 1785ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்தது. தஞ்சையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த ஜான் சல்லிவன், உள்ளூர்ச் சிறுவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளிகளைத் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய மூன்று இடங்களில் அமைக்கத் திட்டமிட்டார். மொழி அறியாத கம்பெனி அலுவலர்கள் துபாஷிகளின் கையில் சிக்கியிருந்தனர். ஆங்கிலம் அறிந்த உள்நாட்டார் பலர் உருவானால் அச்சிக்கல் தீரும் என்பது அவர் கணக்கு. 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழில் தேர்ச்சி பெற்று, தஞ்சை அரண்மனையின் நன்மதிப்பையும் பெற்றிருந்த கிறித்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் அத்திட்டத்தைச் செயற்படுத்தும் பொறுப்பை ஏற்றார்.

அந்தந்தச் சீமையின் ஆட்சியாளர்கள் இப்பள்ளிகளுக்குப் பொருளுதவி செய்தனர். அப்போது தஞ்சையில் இரண்டாம் துளசா, இராமநாதபுரத்தில் முத்துராமலிங்க சேதுபதி, சிவகங்கையில் 1780இல் சீமையை மீட்ட வேலுநாச்சியாரும் மருது சகோதரர்களும் ஆட்சிப் பொறுப்பில் இருந்தனர். 1787இல் கம்பெனியின் இயக்குநர் குழு ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுக்கு 250 வராகன், அதாவது ஏறத்தாழ 100 பவுண்டு, வழங்க ஒப்புதல் அளித்தது. தென்னிந்தியாவில் உள்நாட்டாரின் ஆங்கிலக் கல்விக்குக் கம்பெனி அளித்த தொடக்கக்கால நிதியுதவிகளுள் இஃது ஒன்று. மாணவர்களுள் பெரும்பாலோர் பிராமணர், வணிகர் முதலிய உயர்குடிப் பிள்ளைகள். சூழ்ச்சியால் எவரையும் மதம் மாற்றுவதில்லை என்ற உறுதிமொழியின் பேரிலேயே பள்ளிகள் நடைபெற்றன. கிறித்தவக் கல்வி அளிக்கும் விருப்பத்தை நடத்தியோர் மறைக்கவுமில்லை.

இப்பள்ளிகளுக்கு உதவிய ஆட்சியாளர்களின் பிற்கால நிலை கருதத்தக்கது. துளசா 1787இல் இறந்தார். அவர் சுவீகார மைந்தர் இரண்டாம் சரபோஜி 1799இல் நாட்டின் ஆட்சியைக் கம்பெனியிடம் ஒப்படைத்து, கோட்டையும் உதவித்தொகையும் பெற்று அமைந்தார். முத்துராமலிங்க சேதுபதி 1795இல் கம்பெனியால் பதவி நீக்கப்பட்டுச் சிறைப்பட்டு, 1809இல் சென்னையில் சிறையிலேயே இறந்தார். மருது சகோதரர்கள் 1801இல் தூக்கிலிடப்பட்டனர். பள்ளிகள் தொடங்கிய பதினாறு ஆண்டுகளுக்குள் அவற்றுக்குப் பொருள் தந்த மூன்று சீமைகளின் அதிகாரமும் முற்றாக முடிந்துபோயிற்று. உதவித்தொகை தந்த கம்பெனியே உதவிய மன்னர்களை வீழ்த்தியது என்பதையும் சேர்த்து நோக்க வேண்டும்.

எஞ்சியவர் மிஷனரிகளே. கணக்கு எழுதியவரும் ஆசிரியரை அமர்த்தியவரும் அறிக்கை அனுப்பியவரும் அவர்களே. ஆகவே இராமநாதபுரத்தின் பள்ளி இன்றும் சுவார்ட்ஸ் பெயராலேயே வழங்குகின்றது. குடியரசுத் தலைவராக விளங்கிய ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் பயின்ற பள்ளி அதுதான். தஞ்சையின் தூய பேதுரு பள்ளியும் தன் தோற்றத்தைச் சுவார்ட்ஸ் பணியிலிருந்தே கணக்கிடுகின்றது. இதனைத் திட்டமிட்ட மறைப்பு எனக் கொள்ளல் மிகையாகும். பட்டயம் இருந்த இடத்தில் பட்டயம் தந்தவர் பெயர் நின்றது. பட்டயம் இல்லாத இடத்தில் நிருவாகம் செய்தவர் பெயர் நின்றது. பொருள் தந்தவர் பெயர் இரண்டு இடத்திலும் நிற்கவில்லை. மன்னர் தந்த பொருளும் மேல்வாரமாகக் குடிகள் அளந்த நெல்தான் என்பதால், உண்மையான கொடையாளரைத் தேடிச் சென்றால் எந்தப் பெயர்ப்பலகையும் போதாது.

ஆணையிட வல்ல மன்னர், ஆதரிக்க வல்ல மன்னர்

1803இல் இராமநாதபுரம் ஜமீனாக வகைப்படுத்தப்பட்ட பின், சேதுபதி என்னும் பட்டம் ஆட்சியுரிமை அற்ற மதிப்புப் பட்டமாயிற்று. புதுக்கோட்டைத் தொண்டைமான்களோ இறுதிவரை சமஸ்தான மன்னர்களாக நீடித்தனர். இவ்வேறுபாடு அவர்கள் பெயர் தாங்கிய பள்ளிகளிலும் புலப்படுகின்றது.

புதுக்கோட்டையில் இராமச்சந்திரத் தொண்டைமான் காலத்தில் 1857இல் தொடங்கிய இலவச ஆங்கிலப் பள்ளி, அ. சேஷையா சாஸ்திரியின் நிருவாகக் காலத்தில் 1880இல் கல்லூரியாக உயர்ந்து, பின் மன்னர் கல்லூரியாக நிலைபெற்றது. தீரர் சத்தியமூர்த்தி பயின்ற கல்லூரி இது. செலவு சமஸ்தானக் கருவூலத்தினுடையது. பெயரும் பொருளும் ஒன்றிய அரிய நிலை இது. இக்கல்லூரியின் வரலாற்றில் பெயருக்குப் பின்னிருந்த அதிகாரம் வெளிப்பட்ட தருணம் முத்துலட்சுமியின் சேர்க்கை ஆகும். 1886இல் பிறந்த அவர், தேவதாசி மரபில் வந்த சந்திரம்மாளின் மகள். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வித்துறையைச் சார்ந்தவர். மெட்ரிகுலேசன் தேறியபின் ஆண்கள் மட்டுமே பயின்ற அக்கல்லூரியில் இடம் கேட்டபோது, ஒரு பெண் வகுப்பில் அமர்வதற்கும், குறிப்பாக அவர் பிறப்பைச் சுட்டியும், எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் புறந்தள்ளி அவரைச் சேர்க்க ஆணையிட்டார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பின்னாளில் தேவதாசி முறை ஒழிப்புக்கு முன்னின்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் கல்லூரிக் கல்வி இவ்வாறு தொடங்கியது. நிருவாகக் குழுவோ விதிமுறையோ தராத இடத்தைத் தனியொருவரின் ஆணை தந்தது. அவ்வாணை வேறு திசையிலும் சென்றிருக்கலாம் என்பதே தனியாட்சியின் இடர்.

மதுரையில் சேதுபதி உயர்நிலைப்பள்ளி பாஸ்கர சேதுபதியின் ஆதரவால் அவர்தம் குடிப்பெயரைப் பெற்றது. சிறுவயதில் தந்தையை இழந்து, சமஸ்தானம் கோர்ட் ஆப் வார்ட்ஸ் பொறுப்பில் இருக்க ஆங்கிலக் கல்வி பெற்று வளர்ந்து, 1889இல் பொறுப்பேற்றவர் அவர். விவேகானந்தரின் சிகாகோப் பயணத்தோடு அவர் பெயர் இணைத்துப் பேசப்படுகின்றது. கொடையும் கடனும் ஒருசேரப் பெருகிய வாழ்க்கை 1903இல் முப்பத்தைந்தாம் வயதில் முடிந்தது. ஆங்கிலம் கற்பிக்க எழுந்த இப்பள்ளியின் வளாகத்தில்தான், 1901 செப்டம்பர் 14ஆம் நாள், பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் முயற்சியால் மதுரைத் தமிழ்ச் சங்கம் தொடங்கப்பெற்றது. 1904 ஆகஸ்டு முதல் நவம்பர் வரை பாரதி இப்பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராகப் பணியாற்றினார். ஆங்கிலப் பள்ளி என்னும் வகைப்பாட்டுக்குள் தமிழ் ஒதுங்கியிருந்த இடம் சிறிதெனினும், அச்சிறிய இடத்திலிருந்து எழுந்தவை சிறியன அல்ல.

திருவையாறு: அறக்கட்டளையின் பொருள்கோள்

சான்ட்ரி நிலங்களுக்கு நெருங்கிய ஒப்புமை தஞ்சை மராட்டியர் சத்திரங்களில் உள்ளது. சேது யாத்திரை செல்வோர்க்கு உணவும் உறையுளும் தரும் நோக்கில் அரச மகளிர் பெயரால் இவை நிறுவப்பட்டன. நீடாமங்கலம் யமுனாம்பாள் பெயரையும் ஒரத்தநாடு முக்தாம்பாள் பெயரையும் கொண்ட சத்திரங்களுக்குப் பெயர் பெற்றவை. கிராமங்களின் வருவாய் சத்திரங்களுக்கு விடப்பட்டிருந்தது. சரபோஜி 1801இல் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம், சத்திரங்கள் உணவு வழங்கும் இடங்களாக மட்டும் இருக்கவில்லை என்பதைத் தெளிவாக்குகின்றது. நோயுற்றோர்க்கு மருத்துவம், அநாதைக் குழந்தைகளுக்குப் பராமரிப்பு, ஆசிரியர்களைக் கொண்டு கல்வி ஆகியன அங்கு நடைபெற்றதை அவர் விளக்கி, இவற்றின் மேலாண்மையைத் தம்மிடமே விடுமாறு வேண்டுகின்றார். நாட்டைக் கொடுத்த மன்னர் சத்திரங்களைக் கேட்டார் என்பது நுட்பமாக நோக்கத்தக்கது.

1855இல் இரண்டாம் சிவாஜி ஆண்வாரிசின்றி இறக்க, தஞ்சை அரசு மறைந்தது. சத்திரச் சொத்துகள் அரசின் கைக்கும், 1871ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டத்தை அடுத்து உள்ளாட்சிக் கழகங்களின் பொறுப்புக்கும் சென்றன. அவ்வருவாயைக் கொண்டு 1881இல் திருவையாற்றில் வடமொழிக் கல்லூரி ஒன்று தொடங்கப்பட்டது. அரசரே இல்லாத காலத்தில், மாவட்டக் கழகத்தின் மேற்பார்வையில், அது 'ராஜாஸ் கல்லூரி' என்னும் பெயரில் வழங்கியது. ஸ்ட்ராட்போர்டு போலவே, பழைய அறக்கொடையின் மேல் அரசர் பெயர் எழுதப்பட்ட நிகழ்வு இது. வேறுபாடு ஒன்றே: அங்கு உயிருடன் இருந்த மன்னர், இங்கு மறைந்த மரபு.

நாற்பதாண்டுக்கு மேலாக அக்கல்லூரி வடமொழி மட்டுமே கற்பித்தது. 1924இல் தஞ்சை மாவட்டக் கழகத் தலைவராகப் பொறுப்பேற்ற நீதிக்கட்சியின் ஏ.டி. பன்னீர்செல்வம், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் த.வே. உமாமகேசுவரனார் போன்றோரின் தூண்டுதலுடன், அறக்கட்டளையின் நோக்கத்தையே வினாவுக்கு உட்படுத்தினார். அது கல்வி வளர்ச்சிக்கென விடப்பட்டதாயின், அவ்வருவாய் ஒரு மொழிக்கு மட்டும் செலவாவது எங்ஙனம் என்பது வினா. விளைவாக அங்குத் தமிழும் கற்பிக்கப்பட்டு, புலவர் படிப்புக்கு வழி பிறந்தது. சத்திரங்களைச் சார்ந்த ஒரத்தநாடு, இராசாமடம் மாணவர் விடுதிகளும் பிராமணரல்லாத மாணவர்க்குத் திறக்கப்பட்டன. தமிழ்ப் புலமை மரபின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றில் திருவையாற்று அரசர் கல்லூரி பெற்ற இடம் இம்முடிவிலிருந்து தொடங்குகின்றது.

இதனை இங்கிலாந்தின் லீட்ஸ் இலக்கணப் பள்ளி வழக்கோடு ஒப்பிடுதல் பயன் தரும். தொழில் நகரமாக வளர்ந்துவிட்ட லீட்ஸில், பள்ளியின் வருவாயில் பிரெஞ்சும் ஜெர்மனும் கணக்கியலும் கற்பிக்க நிருவாகிகள் விரும்பினர். 1805இல் எல்டன் பிரபு, 'இலக்கணப் பள்ளி' என்று நிறுவுநர் கூறியது இலத்தீனும் கிரேக்கமும் கற்பிக்கும் பள்ளியையே என்றும், அறக்கட்டளைப் பணத்தை வேறு பாடத்துக்குத் திருப்ப இயலாது என்றும் தீர்ப்பளித்தார். 1840ஆம் ஆண்டின் இலக்கணப் பள்ளிச் சட்டம் வரும்வரை அத்தீர்ப்பின் பிடி தளரவில்லை. லீட்ஸில் நிறுவுநரின் சொல் கதவை அடைத்தது; திருவையாற்றில் நிறுவுநரின் நோக்கம் கதவைத் திறந்தது. இரண்டு இடத்திலும் வாதம் இறந்தவரின் விருப்பத்தைப் பற்றியது. பயனோ இழப்போ உயிருடனிருந்த மாணவருடையது. எல்டன் பிரபுவைப் போன்ற ஒருவர் 1924இல் தஞ்சையில் பொறுப்பில் இருந்திருப்பின், நாற்பதாண்டு வழக்கத்தையே நிறுவுநர் விருப்பமாகக் கொண்டிருப்பார். ஆவணத்தைத் தேடிப் படிக்கும் ஆய்வுப் பழக்கம் நிருவாகத்தில் ஆற்றக்கூடிய பணிக்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

அரசரில்லாத அரச பெயர்கள்

உயிருடனிருந்த அரசரின் பெயரைப் பிறர் பணத்தால் எழுப்பிய பள்ளிக்குச் சூட்டும் வழக்கம் தமிழர் குடியேறிய நாடுகளிலும் இருந்தது. கோலாலம்பூரில் 1893இல் தொடங்கிய விக்டோரியா கல்விக்கூடம், 1887ஆம் ஆண்டு அரசியின் பொன்விழாவுக்கெனத் திரட்டிய நிதியில் எஞ்சியதைக் கொண்டு திட்டமிடப்பட்டது. லோக் யூ முதலிய சீன வணிகரோடு தம்புசாமிப் பிள்ளையும் அதன் முன்னோடிகளுள் ஒருவர். பத்துமலைக் கோயிலுடன் இன்றும் நினைக்கப்படுபவர் அவரே. இலங்கையின் மொறட்டுவையில் வேல்ஸ் இளவரசர் கல்லூரியை எழுப்பிய பொருள் சார்லஸ் ஹென்றி டி சொய்சாவினுடையது. இப்பெயர்கள் ஆட்சியாளரின் நல்லெண்ணத்தைப் பெறும் வழிகள். அதற்கு மேல் அவற்றில் ஆராய்வதற்கு அதிகமில்லை.

விருதுநகரில் நிகழ்ந்தது இதனினும் ஆழமானது. இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் 1910வரை திருநெல்வேலி மாவட்டத்திலும், அதன்பின் புதிதாக அமைந்த இராமநாதபுரம் மாவட்டத்திலும் இருந்து, 1985 முதல் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் அடங்குவன. இம்மாவட்டத் தலைநகராகிய அன்றைய விருதுபட்டியில் நாடார் வணிகர்கள் 1889இல் ஒரு பள்ளியை நிறுவினர். அதன் பெயர் சத்திரிய வித்தியாசாலை. மன்னர் எவரும் அதற்கு நிலம் விடவில்லை, பட்டயமும் தரவில்லை. வணிகச் சரக்கின் மீது சமூகத்தார் தமக்குத்தாமே விதித்துக்கொண்ட மகமையும், ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது எடுத்து வைத்த பிடியரிசியும் அதன் முதல். கு. காமராசர் சிறுவயதில் பயின்றது இப்பள்ளியில்தான்.

எட்வர்டின் பள்ளிகளில் ஊரார் பொருளின் மேல் மன்னர் பெயர் எழுதப்பட்டது எனின், இங்கு ஊரார் தம் பொருளின் மேல் தம்மையே அரச குலத்தாராக எழுதிக்கொண்டனர். அப்பெயரின் கூர்மை அக்கால நிகழ்வுகளோடு வைத்து நோக்கினால் விளங்கும். 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்து வழிபட்டதை அடுத்து, கோயிலின் பரம்பரை அறங்காவலர் என்னும் நிலையில் வழக்குத் தொடுத்தவர் பாஸ்கர சேதுபதி. 1899இல் சிவகாசிக் கலவரம் நிகழ்ந்தது. கமுதி வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தைக் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று, 1908இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. சேதுபதி பள்ளியில் தமிழ்ச் சங்கம் பிறந்த அதே ஆண்டுகளில், அப்பள்ளிக்குப் பெயர் தந்த மன்னரே எதிர்வழக்காடியாக நின்ற ஒரு சமூகம், தன் பள்ளியின் வாயிலில் 'சத்திரிய' என்னும் சொல்லை எழுதி வைத்திருந்தது. நீதிமன்றம் மறுத்த ஒரு தகுதியைப் பள்ளிப் பெயர் நாள்தோறும் கூறிக்கொண்டிருந்தது எனலாம். ராபர்ட் ஹார்ட்கிரேவ் தம் நாடார் சமூக ஆய்வில் (1969) இக்காலச் சமூக இயக்கத்தை விரிவாக ஆராய்ந்துள்ளார். அச்சமூகத்தின் கல்வி முயற்சியையும் கோயில் வழக்கையும் ஒரே நிகழ்வின் இரு முகங்களாக வாசிக்கும் முறை தமிழ்க் கல்வி வரலாற்றெழுத்தில் இன்னும் வலுப்பெறவில்லை.

இந்தப் பின்புலத்தில் இராஜபாளையத்தின் 'ராஜா'வை மீண்டும் நோக்கலாம். பூ.அ.ச. இராமசாமி ராஜா 1936இல் இராஜபாளையம் மில்ஸ் ஆலையை நிறுவினார். ஆலைகளின் வளர்ச்சியோடு கல்வி நிறுவனங்களும் வளர்ந்தன. அவற்றுள் 1973இல் தொடங்கிய கலைக் கல்லூரியின் பெயர் ஓர் இலக்கண நுட்பத்தை உடையது. புதுக்கோட்டையிலும் திருவையாற்றிலும் 'ராஜாஸ் கல்லூரி' என்பது ஆங்கில வழக்கில் ஒருமை: ஓர் அரசரின் கல்லூரி. இராஜபாளையத்தில் இருப்பதோ 'ராஜுக்கள் கல்லூரி'. பன்மை விகுதி அங்குத் தெளிவாக நிற்கின்றது. பெயரில் அரசரொருவரும் இல்லை. கொடையாளர் அனைவரும் ஒரு விகுதிக்குள் அடங்கியுள்ளனர். பெயரும் பொருளும் புதுக்கோட்டையில் ஒன்றியது ஓர் அரசரிடம். இங்கு ஒன்றியது ஒரு சமூகத்தாரிடம். ஆலைத் தறியில் நின்ற தொழிலாளியின் பங்கு அவ்விகுதிக்குள்ளும் அடங்காது என்பதையும் கூறியாக வேண்டும்.

இவ்வூரிலிருந்து எழுந்து 1949 முதல் 1952வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பூ.ச. குமாரசுவாமி ராஜா தம் இல்லத்தைப் பொதுப்பணிக்கு ஈந்தார். அவ்வீட்டில் அமைந்த நிறுவனத்தின் பெயர் காந்தி கலைமன்றம்.